ஒரு கொத்து அரிசியும் எதிரணியின் குரலும்

(கல்முனையில் இளைஞரும் சட்ட மாணவரும் கூடிய கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொருளாதார நெருக்கடிக் காலத்தில் எதிரணிச் செனற்றர் ஒருவரின் பணி யாது?" என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இதனைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் நகைத்திருக்கலாம். செனற் சபை 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் ஒழிந்து போயிற்று. அச்சபை கூடிய கோட்டைக் கட்டடத்தில் இன்று வெளிநாட்டமைச்சு இயங்குகின்றது. இறந்த சபையைப் பற்றி இப்பொழுது என்ன பேச்சு என்று கேட்கலாம். இறந்தவர் விட்டுச் சென்ற உறுதியையும் கணக்கையும் பார்க்காமல் எந்தக் குடும்பமும் சொத்தைப் பிரிப்பதில்லை. ஆகவே நாமும் அந்தக் கணக்கைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

சில மாதங்களுக்கு முன் மருதமுனையில் ஒரு நெசவாளர் இல்லத்தில் சிலருடன் அளவளாவிக் கொண்டிருந்தோம். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எம்மை நோக்கி, "தம்பி, எதிர்க்கட்சியில் ஓர் ஆளை அனுப்பி வைத்து எமக்கு ஆவதென்ன? அவனால் ஒரு வாய்க்காலைத் திருத்தித் தர முடியுமா? என் பேரனுக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுமா? பேசுவான், பத்திரிகையில் படம் வரும். பேச்சு உலையில் வேகுமா?" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். எமக்கோ சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லாமையினாலேயே எமது கரையோர ஊர்கள் எழுபது ஆண்டுகளாகத் தம் அரசியலை ஒரு வேலைக் கடிதத்துக்கும் ஒரு தார் வீதிக்கும் விற்று வந்திருக்கின்றன. அப்பெரியவருக்கு அன்று அரைகுறையாய்ச் சொன்ன விடையை இன்று முழுமையாகச் சொல்ல முயல்கின்றோம்.

பூட்டில்லாத கதவு

முதலில் செனற் சபை எத்தகையது என்று பார்ப்போம். சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் அமைந்த அச்சபையில் உறுப்பினர் முப்பதின்மர். பதினைந்து பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. ஏனைய பதினைந்து பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கொரு முறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். அமைச்சர் இருவரேனும் அச்சபையைச் சேர்ந்தோராய் இருக்க வேண்டும். அவருள் ஒருவர் நீதி அமைச்சர்.

பெயர் பெரிது, அதிகாரமோ சிறிது. பண மசோதா ஒன்று செனற் சபைக்கு வந்தால் அதனை ஒரு மாதத்துக்கு மேல் அச்சபை தடுத்து நிறுத்த முடியாது. ஒரு மாதத்துக்குள் அங்கீகரித்தாலென்ன, அங்கீகரியாது விட்டாலென்ன, அது சட்டமாகிவிடும். மக்களின் வயிற்றோடு நேராகத் தொடர்புடைய வரவு செலவுத் திட்டத்தைப் பொறுத்தவரை அச்சபை பூட்டில்லாத கதவு. அப்படியானால் அங்கே எதிரணியில் அமர்ந்த ஒருவர் நிதி நெருக்கடிக் காலத்தில் எழுந்து பேசியதன் பயன் யாது?

சட்டத்தொழில் செய்வோர் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர். மாவட்ட நீதிமன்றத்தில் எமது வழக்குத் தோற்கப் போகின்றது என்று எமக்கே தெரியும். ஆயினும் நாம் எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கின்றோம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கின்றோம். எமக்கு வேண்டிய பரிகாரத்தை எழுத்திற் கேட்கின்றோம். ஏன்? மேன்முறையீட்டுக்குச் செல்லும்போது வழக்கேட்டில் உள்ளதையே மேல்நீதிபதிகள் பார்ப்பர். ஆங்குப் பதியப்படாத ஆட்சேபத்தை மேலிடத்திற் புதிதாய் எழுப்புவது அரிது. பாராளுமன்றத்துக்கு வழக்கேடு ஹன்சாட். மேன்முறையீட்டு மன்றமோ மக்கள்.

ஆகவே நெருக்கடிக் காலத்து எதிரணி உறுப்பினனுக்கு மூன்று கடமைகள் உண்டு. ஒன்று, கணக்கைக் கேட்டல். அதுவே அவனது குறுக்கு விசாரணை. இரண்டு, தவற்றைத் தவறென்று அந்த நாளிலேயே பதிந்து வைத்தல், அதுவே ஆட்சேபம். மூன்று, வேறு வழி இதுவென்று காட்டல்; அதுவே பரிகாரக் கோரிக்கை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவன் பேச்சு வெறும் ஓசையே.

இருபத்தைந்து சதம் எழுபது சதமான ஆண்டு

இதற்கு எடுத்துக்காட்டாக 1953ஆம் ஆண்டினை எடுத்துக் கொள்வோம். கொரிய யுத்த காலத்தில் றப்பர் விலை விண்ணை முட்டியது. திறைசேரி நிறைந்தது. யுத்தத்தின் வேகம் தணிந்ததும் றப்பர் விலை சரிந்தது; அரிசி விலையோ ஏறியது. வெளிநாட்டுச் சேமிப்புக் கரைந்தது. கூப்பன் அரிசியை மலிவாக வழங்குவதற்கு அரசாங்கம் கொடுத்த மானியம் பெருஞ் சுமையாயிற்று. மானியங்களைக் குறைக்குமாறு உலக வங்கித் தூதுக்குழுவும் ஆலோசனை கூறியிருந்தது.

இதற்கிடையே, 1952 டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவின் முயற்சியால் சீனாவுடன் றப்பர் – அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் றப்பருக்கு 2,70,000 தொன் அரிசி, ஐந்தாண்டு உடன்படிக்கை. அமெரிக்காவின் முகச் சுளிப்பையும் பொருட்படுத்தாது செய்த காரியம் அது. நாடு பட்டினியை நோக்கி நிற்கையில் மாற்றுவழி ஒன்று இருக்கத்தான் செய்தது என்பதற்கு அது சான்று.

ஆயினும் 1953 ஜூலையில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, கொத்து 25 சதமாயிருந்த கூப்பன் அரிசியின் விலையை 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயிற் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு, பள்ளி, பிரயாணம், கடிதம் ஆகிய நான்கிலும் ஒரே மூச்சிற் கை வைத்தாயிற்று.

கலாநிதி என். எம். பெரேரா முதலிய இடதுசாரிகள் சபையில் வாதாடினர். இலாபம் பெருகிய நாளில் வந்த பணம் எங்கே? தியாகத்தைத் தொடங்க வேண்டிய இடம் ஏழையின் உலைதானா? இவ்வினாக்கள் நாடெங்கும் எழுந்தன. வாக்கெடுப்பில் எதிரணி தோற்றது, தோற்பதே இயல்பு. ஓகஸ்ற் 12ஆம் நாள் ஹர்த்தால். இடதுசாரிகள் அழைத்தனர், தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. தென்மேற்குக் கரையோரம் கொந்தளித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடிற்று. அவசரகால நிலை பிரகடனமாயிற்று; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. ஒக்ரோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலையும் பின்னர் இறங்கியது.

அந்த 1953ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது பாராளுமன்ற அதிகாரங்களும் சிறப்புரிமைகளும் பற்றிய 21ஆம் இலக்கச் சட்டம். சபையிற் பேசியதற்காக எந்த உறுப்பினனையும் வெளியே வழக்கில் இழுக்க முடியாது என்று அது காவல் செய்கின்றது. அவசரகாலத்தில் பத்திரிகையாளன் வாய் மூடப்படலாம். மேடைப் பேச்சாளன் சிறை செல்லலாம். உறுப்பினன் மட்டும் பேசலாம். இந்தக் கேடயம் அவனுடைய சொந்தச் சொத்தன்று. கேடயமில்லாத கமக்காரனுக்காகவும் மீனவனுக்காகவும் அவன் கையில் இரவலாகக் கொடுக்கப்பட்டது. அதனைப் பிடித்துக் கொண்டு மௌனமாக இருப்பவன் இரவற் பொருளை மோசம் செய்தவனாவான்.

இச்சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. செனற் சபையிற் சுயேச்சை உறுப்பினராக நீண்ட காலம் அமர்ந்திருந்த இராணி அப்புக்காத்து எஸ். நடேசனை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பாராளுமன்றம் பத்திரிகையாசிரியரைத் தானே விசாரித்துத் தண்டித்ததை அவர் பத்திரிகைக் கட்டுரைகளிற் கண்டித்தார். அதற்காக 1980இல் சிறப்புரிமை மீறினார் என்று உயர் நீதிமன்றத்தில் அவர் மீதே குற்றஞ் சுமத்தப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. செனற் சபை மறைந்து ஒன்பது ஆண்டின் பின்னரும், எழுபத்தைந்து வயது கடந்த அந்தச் செனற்றர் தம் கடமையை முடித்துவிட்டதாக எண்ணவில்லை.

மேன்முறையீட்டின் விசித்திரம்

1953இல் எதிரணி பதிந்து வைத்த ஆட்சேபம் 1956இல் மக்கள் மன்றத்தில் மேன்முறையீட்டுக்கு வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. ஜயவர்த்தன களனியிலேயே தோல்வியுற்றார். எதிரணியின் பேச்சு உலையில் வேகுமா என்று கேட்ட எம் பெரியவருக்கு இஃது ஒரு விடையாகும்.

ஆனால் இத்துடன் நிறுத்திக் கொண்டால் நாம் பாதி உண்மை பேசியவராவோம். 1956இல் வந்த தீர்ப்பு அரிசிக்கு மட்டும் வந்த தீர்ப்பன்று. பசித்தவனின் கோபத்தை மொழிவெறி என்ற மற்றொரு வாய்க்காலிலும் திருப்பி விட்டனர். ஹர்த்தாலில் ஒன்றாய் நின்ற சிங்களவரும் தமிழ் பேசுவோரும் மூன்றே ஆண்டுகளிற் பிரித்து நிறுத்தப்பட்டனர். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. பசிக்கு மருந்து கேட்ட நாட்டுக்குப் பகை மருந்தாகக் கொடுக்கப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் ஆளும் கூட்டத்தின் பேச்சை விட அதிகமாக அவதானிக்க வேண்டியது, மக்களின் கோபத்தை எவன் எந்தத் திசையில் திருப்புகின்றான் என்பதையே.

கல்முனைக்கு வந்த துரை

இந்த இடத்தில் கல்முனை மண் மறக்கக் கூடாத ஒரு பெயரைச் சொல்கின்றோம். ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். 1942 ஏப்ரிலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்தமையால் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. அந்த நாளில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அப்பொழுது அம்பாறை மாவட்டம் என்று ஒன்றில்லை. அது 1961இல் வந்தது. கல்லோயாத் திட்டமும் பின்னாளில் வந்ததே. எமது பாட்டனார் காடு வெட்டி வெள்ளாமை செய்து நாட்டுக்குச் சோறிட்டபோது பக்கத்தில் நின்ற அதிகாரி அஸீஸ். அதே காலத்திற் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார்; காரைதீவின் தவப்புதல்வர் விபுலாநந்த அடிகளின் நட்பையும் பெற்றார். பிற்காலத்திற் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார்.

அவர் 1952இல் செனற்றரானார். எதிரணியிலன்று, ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில். 1956இல் அக்கட்சியும் தனிச் சிங்களக் கொள்கையைத் தழுவிற்று. அப்பொழுது அவர் கட்சியிலிருந்து விலகினார். சிங்களம் மட்டும் என்ற மசோதாவைச் செனற் சபையில் எதிர்த்தார். அவருடைய ஒரு வாக்கினால் மசோதா தோற்றுவிடுமா? தோற்காது என்பது அவருக்குத் தெரியாதா? நன்கு தெரியும். ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிமின் ஆட்சேபம் வழக்கேட்டில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அதனால் இன்று நாம் தலை நிமிர்ந்து, "அன்று எமக்காக ஒருவர் எழுந்தார்" என்று சொல்ல முடிகின்றது. 1963 வரை அச்சபையில் இருந்தார். அவ்வாண்டிற் பகிரங்க சேவை ஆணைக்குழு உறுப்பினரானார்.

எமது கரையின் கணக்கு

பிறரைப் பற்றிப் பேசிய நாம் எம்மைப் பற்றியும் பேச வேண்டும். அந்த 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் நிந்தவூர் எம். எம். முஸ்தபாவும் வெற்றி பெற்றனர். இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றனர். முஸ்தபா அவர்கள் 1959–60இல் தகநாயக்கவின் அரசாங்கத்தில் நிதி அமைச்சராகவே ஆனார். நிந்தவூரான் ஒருவன் நாட்டின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்தான் என்பது எமக்குப் பெருமைதான். ஆனால் அப்பெருமை சில மாதங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. மருதமுனையின் மசூர் மௌலானா மறுவழி சென்றார். தமிழரசுக் கட்சியின் சார்பிற் செனற் சபையில் அமர்ந்தார்; பிற்காலத்திற் கல்முனை மாநகர முதல்வராகவும் இருந்தார். மறையும் வரை இவ்வூர் மக்கள் அவரைச் 'செனற்றர்' என்றே அழைத்தனர். சபை ஒழிந்த பின்னும் அந்தப் பெயர் மட்டும் நாற்பது ஆண்டு வாழ்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

எதிரணியில் இருந்தோர் எல்லாரும் தூயவர் என்றும், அரசாங்கப் பக்கம் போனோர் எல்லாரும் பாவிகள் என்றும் நாம் கூறவில்லை. எதிரணியில் இருந்து கூச்சலிட்டவர் ஆட்சிக்கு வந்ததும் படும் பாட்டையும் நாடு கண்டிருக்கின்றது. 1953இல் அரிசிக்காக வாதாடிய என். எம். பெரேரா 1970இல் தாமே நிதி அமைச்சரானார். குறைக்கப்பட்ட கொத்து திரும்ப வந்தது. 50, 100 ரூபா நாணயத்தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டன. உலகச் சந்தையில் விலையேறவே 1973இல் அந்த அரசாங்கமே பங்கீட்டைக் குறைக்க நேர்ந்தது. இதனால் நாம் பெறும் பாடம் யாது? எதிரணியில் இருப்பவன் நாளை அந்தக் கதிரையில் தான் அமர நேரும் என்ற அச்சத்தோடு பேச வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கூறாமல் 'கொடு, கொடு' என்பவன் மூன்றாவது கடமையைச் செய்யாதவன்.

156இலிருந்து 8 போனால்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019 டிசம்பரிற் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர், திறைசேரி வெறுமையாயிற்று. 2020இற் கொள்ளை நோய் வந்தது. எமது மையித்துகளை எரித்தனர். அந்தத் துயரம் எரிந்து கொண்டிருந்த நாளிலேயே, 2020 ஒக்ரோபர் 22ஆம் நாள், அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது.

ஆதரவாக 156, எதிராக 65. அந்த 156இல் எட்டு வாக்குகள் எதிரணியில் தெரிவானோருடையவை. கழித்துப் பாருங்கள்: 148. மூன்றில் இரண்டுக்கு வேண்டியது 150. அந்த எட்டுப் பேருட் பெரும்பாலோர் முஸ்லிம் உறுப்பினர். சிலர் எமது கரையோர மக்களின் வாக்கினாற் சென்றவர். பெயர்களை நாம் இங்கே கூறவில்லை, ஹன்சாட் கூறும். ஜனாஸாக்களுக்கு நல்லடக்கம் கிடைக்கும், ஊருக்கு அபிவிருத்தி கிடைக்கும் என்று அந்நாளில் எமக்கு நியாயம் சொல்லப்பட்டது. நல்லடக்க அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரியிறுதியில்; வாக்களித்து நான்கு மாதத்தின் பின். அதுவும் சொந்த ஊர் மையவாடியிலன்று; முதலில் அடக்கம் நடந்தது ஓட்டமாவடியில்.

அந்தத் திருத்தம் செய்தது என்ன? ஜனாதிபதியின் கைகளைக் கட்டியிருந்த கயிறுகளை அறுத்தது. அரசாங்கக் கொள்வனவைக் கண்காணிக்க அமைந்த தேசியப் பெறுகை ஆணைக்குழு ஒழிந்தது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு ஒழிந்தது. கணக்கைக் கேட்பது எதிரணியின் முதற் கடமை என்றோமே, அந்தக் கணக்கைப் பார்க்கும் கண்களைக் குருடாக்குவதற்கு எதிரணி உறுப்பினரே கை உயர்த்தினர்.

அடுத்த ஆறு மாதத்தில், 2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஒருவரையும் கேளாமல், ஒரு போகம் முன்னறிவித்தல் கூடக் கொடாமல் வந்த கட்டளை. நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று எமது அம்பாறை. யூரியா இல்லாமற் பெரும்போக வெள்ளாமை வெளிறி நின்றதை நீங்கள் கண்டீர்கள். நவம்பரிற் கட்டளையைத் தளர்த்தினர். வயலுக்குக் காலம் தப்பிவிட்டது. எதிரணி வரிசையில் கலாநிதி ஹர்ஷ டி சில்வா முதலியோர் சர்வதேச நாணய நிதியத்திடம் காலம் தாழ்த்தாது செல்லுமாறு திரும்பத் திரும்பக் கூறினர். கேட்பாரில்லை. 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் முறி கொடுத்துத் தீர்க்கப்பட்டது. ஏப்ரில் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைக் கொடுக்க முடியாது என்று நாடு கை விரித்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையேறிக் கிடந்தன. நூல் விலை ஏறித் தறிகள் ஓய்ந்தன. செப்ரெம்பரில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. 8 சதவீதமாக வெட்டிய வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. மலிவாகக் கொடுத்ததை வட்டியோடு திருப்பி வாங்கிவிட்டனர்.

அன்றைய வாக்கை அளித்தவர்களை மட்டும் நாம் நோகலாமா? அந்த வாக்குக்குப் பின்னர் அவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களை மறித்துக் கேட்டோமா? நாமும் கேட்கவில்லை. எம்மிற் பலர் அடுத்த வாரமே அவர்களிடம் மனுக் கொண்டு சென்றோம். இக்குற்றப் பத்திரிகையில் எமது பெயரும் உண்டு.

நீதிமன்றம் சொன்னது

பதியப்பட்ட எச்சரிக்கை வீண் போவதில்லை. 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் ஒரு தீர்ப்பு வழங்கியது. முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதி அமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் ஆகியோர் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையால் பொதுமக்கள் அவர்கள்பால் வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்பது தீர்ப்பு. இழந்த போகத்தை அத்தீர்ப்பு திருப்பித் தரவில்லை. ஆயினும் ஆட்சிக் கதிரை எவருக்கும் தந்தை வழிச் சொத்தன்று, அது நம்பிக்கைப் பொறுப்பு என்ற சட்டம் நிலைநாட்டப்பட்டது. 2022 ஒக்ரோபரிலேயே இருபத்தோராவது திருத்தத்தின் மூலம் அறுத்த கயிறுகளிற் பல மீண்டும் கட்டப்பட்டன. 2023இல் எதிரணி உறுப்பினரான ஹர்ஷ டி சில்வாவே பாராளுமன்றத்தின் பொது நிதிக் குழுத் தலைவரானார்.

நாம் கேட்பவை

ஆகவே அன்பர்களே, செனற் சபையைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று கோருவதற்கு நாம் இங்கே வரவில்லை. அதில் நியமனம் பெற்றோரிற் பலர் தேர்தலில் தோற்றவருக்கும் கட்சிக்குப் பணம் கொடுத்தவருக்கும் அளித்த பரிசாகவே வந்தனர் என்ற குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. 2017இல் வெளிவந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை, மாகாண சபைகள் தெரிவு செய்யும் 45 பேரும் பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேருமாக 55 பேர் கொண்ட இரண்டாம் சபையொன்றை முன்மொழிந்தது. மாகாணங்களின் குரலுக்கு அதில் இடமுண்டு. அது ஆராயத் தக்கது. ஆனால் சபை ஒன்றோ இரண்டோ, அதில் அமரும் மனிதன் எழுந்து கேட்காவிட்டால் கட்டடம் என்ன செய்யும்?

2024 நவம்பர்த் தேர்தலில் ஒரே அணி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. அவ்வணி நல்லதோ கெட்டதோ என்பது இன்றைய பேச்சன்று. எந்த அணியாயினும் மூன்றில் இரண்டுக்கு மேற் பெற்ற சபையில், எஞ்சியிருப்போரின் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கூடும். ஆதலால் எமது கரையின் வாக்கைக் கேட்டு வரும் எவரிடமும், எக்கட்சியினராயினும், பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

வரவு செலவுத் திட்ட விவாதத்தில் நீர் எத்தனை நாள் அமர்ந்திருந்தீர்? எமது வயலுக்கும் கடலுக்கும் தறிக்கும் ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று கேட்டீரா? அந்தப் பேச்சின் ஹன்சாட் பிரதியை ஊர் நூலகத்தில் வைப்பீரா? அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா வந்தால், கை உயர்த்துவதற்கு முன் ஊருக்கு வந்து காரணம் கூறுவீரா? கூறிய பின் மாறினால் ஆசனத்தைத் துறப்பீரா? வேலைக் கடிதம் கேட்டு வரும் எம்மை, "அது என் தொழிலன்று" என்று திருப்பி அனுப்பும் துணிவு உமக்குண்டா?

இறுதிக் கேள்வி அவருக்கு மட்டுமன்று, எமக்கும் உரியது. நாம் கடிதம் கேட்டு நிற்கும் வரை அவர் அமைச்சரின் வாசலிற் கடிதத்துக்காக நிற்பார். அமைச்சரின் வாசலில் நிற்பவர் சபையில் அமைச்சரைக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வாறு?

இளைஞர்களே, சட்டம் பயில்வோரே, உங்களிடம் ஒரு பணியை ஒப்படைக்கின்றோம். அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது பத்துப் பேராகக் கூடுங்கள். எமது மாவட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் பேசியதை ஹன்சாட்டிலிருந்து எடுத்து வாசியுங்கள். பேசாதவர் பெயரையும் எழுதி வையுங்கள். பள்ளிவாசல் முன்றலிலும் கோயில் வீதியிலும் சந்தையிலும் அதனை மக்கள் அறியச் செய்யுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கட்சி வேண்டியதில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

மருதமுனைப் பெரியவருக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: ஐயா, எதிரணியில் ஒருவன் எழுந்து கேட்டதனால் உங்கள் வாய்க்கால் உடனே திருந்திவிடாது. ஆனால் ஒருவரும் கேளாமல் இருந்த ஆண்டில், உங்கள் வாய்க்காலில் நீர் நிறைய ஓடியும், வயலுக்கு உரம் வரவில்லை. அதை நீங்கள் உங்கள் கண்ணாற் கண்டீர்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் உங்கள் பேரனின் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தப் போகத்தைப் பற்றிக் கேளுங்கள்.